வண்டிக்கடியில் வைத்த அட்டை

என் கணவர் மேல் எனக்குச் சந்தேகம் வந்ததற்குக் காரணம் வேறொரு பெண் அல்ல, வண்டிக்கடியில் சொட்டிய ஆயில். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிப்பார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சத்தியவேட்டுப் பக்கம் கம்பெனிகள் வந்த பிறகு, கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த எங்களையும் வேலைக்கு எடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது ஆயில் சீல் செய்யும் இடம். சீல் என்பது வளையல் மாதிரி ஒரு ரப்பர் வளையம். இஞ்சினிலிருந்து வெளியே வரும் தண்டை இறுக்கிப் பிடித்து, உள்ளே இருக்கும் ஆயிலை வெளியே விடாது. தண்டைத் தொடும் உள் விளிம்பை லிப்பு என்போம். லிப்பில் கீறல் இருக்கிறதா என்று விளக்கடியில் பிடித்துப் பார்ப்பதுதான் என் வேலை. நல்லதையும் நாள் முழுக்கச் சந்தேகப்பட்டுப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மாறுவதில்லை.

கம்பெனி பஸ் ஊருக்குள் வராது. விடியற்காலையில் அவர்தான் பழைய பைக்கில் மெயின் ரோட்டில் சேரும் கூட்டு ரோடு வரை கொண்டுபோய் விடுவார். அந்த வண்டி ஆயிலைக் கக்க ஆரம்பித்தது. செயின் பக்கத்து சீல் போய்விட்டது என்றார். இரண்டு நாள் கழித்து, “மெக்கானிக்காண்ட காட்டிட்டேன், சரியாயிட்ச்சி” என்றார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, மறுபடியும் தரையில் கறுப்பு வட்டம்.

“ஆயில் இல்லாம ஓட்னா இஞ்சின் புட்ச்சிக்கும்மே. இன்னிக்கி வேணாம்” என்றார். இப்படி இரண்டு நாள் எனக்கு பஸ் தவறியது.

நான் கான்ட்ராக்ட் ஆள். மாதத்தில் மூன்று நாள் வராவிட்டால் என் ஸ்டூலில் வேறொருத்தியை உட்கார வைத்துவிடுவார்கள். கேட்டுக்கு வெளியே எப்போதும் பத்துப் பேர் வேலை கேட்டு நிற்பார்கள். இன்னும் ஒரு நாள் தவறினால் நான் மறுபடியும் கடலைக் காட்டுக்குத்தான் போக வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. “பொம்பள பஸ்ஸேறிப் போய்க்கினு இருந்தா ஊரு இன்னா சொல்லும்?” பிறகு மனம் மாறியவர் போல என் அடையாள அட்டைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் அவர் வைத்துவிடுவார். குக்கர், ஃபேன், மண்வெட்டி, எதையும் விடமாட்டார். கேட்டில் அந்த அட்டையை மிஷின் படிக்கவில்லை. செக்யூரிட்டி பார்த்துக்கொண்டிருக்க, முந்தானையால் துடைத்தேன். அதையும் வேண்டுமென்றேதான் செய்தாரோ என்று இப்போது தோன்றியது.

அன்று மாலை பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து வண்டிக்கடியில் வைத்தேன். காலையில் விழுந்திருந்த கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். அவர் ஆயிலை ஊற்றி ஊற்றி ஓட்ட, தினமும் ஒரு கோடு. அவர் வேலைக்கே போகாத நாளிலும் கையைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவுவதைப் பார்த்தேன். சீட்டுக்கடியில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் காணோம். வெள்ளிக்கிழமை சாமி படத்தைத் துடைக்க எடுத்தபோது, பின்னால் ஒரு சீல் பாக்கெட் காலியாகக் கிடந்தது. புது சீலை வாங்கி எங்கோ ஒளித்துவிட்டு, பழசையே மாட்டி ஓட்டுகிறார் என்று முடிவு கட்டினேன். கேட்டால் சண்டை வரும், அந்தச் சண்டையையே சாக்கு வைத்து வேலையை நிறுத்திவிடுவார். அதனால் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து சத்தியவேட்டில் இறங்கி ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன். நாள் பூரா சீலோடு இருக்கிறவள்தான், ஆனால் ஒன்றைக்கூட வெளியே கொண்டுவர முடியாது, கேட்டில் எங்கள் டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வெளிச்சத்தில் திருப்பினேன்.

“ஒரிஜினலே அம்மா, தீஸ்கோ” என்று தெலுங்கில் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

“லிப்பு வங்கரகா உந்தன்னா” என்று கோணலைக் காட்டித் திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவதும் கோணல்தான். மூன்றாவதைத்தான் வாங்கினேன். போலீஸ்காரியா என்பது போல என்னைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கடலை பிடுங்கப் போன பிறகு வேலையைத் தொடங்கினேன். ஆயில் கொட்டாமலிருக்க வண்டியை வலப்பக்கமாகச் சுவரில் சாய்த்தேன். பின்சக்கரம் சுற்றாமலிருக்கக் கம்பிகளுக்கு நடுவே பூரிக்கட்டையைச் செருகிவிட்டு, வண்டியோடு வந்த ஸ்பானரால் போல்ட்டைக் கழற்றி, செயின் மாட்டும் பல்சக்கரத்தை எடுத்தேன். சீல் தெரிந்தது. கரண்டிக் காம்பை விளிம்பில் கொடுத்து நெம்பினேன். காம்பு வளைந்தது, சீல் வந்துவிட்டது.

வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பழசு இல்லை. ரப்பரில் மினுமினுப்பு போகவில்லை, அச்சடித்த எண்கூட அழியவில்லை. ஆனால் லிப்பு சுற்றிலும் தேய்ந்து, உள் பள்ளத்தில் ஆயிலோடு குழைந்த சிவப்புச் சேறு அப்பியிருந்தது. விரலால் தேய்த்தேன், நறநறவென்றது. கல்மாவு கலந்த கடைக் குங்குமம்.

பிடுங்கிய கடலையில் ஒரு கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வந்து நின்றார். என் கையைப் பார்த்ததும் முகம் மாறியது.

“இத யாருய்யா மாட்னது?”

“நான்தான். மெக்கானிக்கு கடைய மூடிட்டு மெட்ராசுக்கு வேலைக்குப் பூட்டான்.”

“என்னாண்ட ஒரு வார்த்த கேக்கறதுக்கு இன்னா?”

கட்டைக் கீழே போட்டார். “நாள் பூரா இதையே பாக்கறவ நீ. உன்னாண்ட வந்து எப்டி மாட்றதுன்னு கேக்க எனக்கு வெக்கமா இருந்துச்சி. சரியா மாட்லயோன்னு தெனம் கழட்டிப் பாத்துக்கினு இருந்தேன்.”

“குங்குமம்?”

“புது சாமானாச்சே. உன் வேல நிக்கணும்னு வேண்டிக்கினு வெச்சேன்.”

லிப்பில் ஒரு தூசி பட்டாலே நான் தள்ளிவைப்பேன். அவர் நெற்றிக்கு வைப்பது போலப் பொட்டு வைத்திருக்கிறார்.

மிச்சத்தை இரண்டு பேருமாகச் செய்தோம். தண்டின் பற்கள் லிப்பைக் கிழிக்காமலிருக்கப் பால் கவரை வெட்டிச் சுற்றி, கிரீஸ் தடவி, புது சீலை அதன் மேல் நுழைத்தேன். சீலின் அகலத்துக்குச் சரியான பம்புசெட் பைப் துண்டு ஒன்றை அவர் தேடி எடுத்துவந்து நேராகப் பிடித்துக்கொண்டார். இஞ்சி இடிக்கும் சின்ன உலக்கையால் அதை மெல்லத் தட்டித் தட்டி உள்ளே உட்கார வைத்தேன். எல்லாம் மூடியதும் குங்குமக் கிண்ணத்தோடு வந்து தயங்கி நின்றார். “இஞ்சின் மேல வெய்யி” என்றேன்.

மறுநாள் விடியற்காலையில் அட்டையில் புதிதாக ஒரு சொட்டுகூட இல்லை. கூட்டு ரோட்டில் இறங்கியபோது பஸ்ஸின் விளக்கு தூரத்தில் தெரிந்தது. அவர் இஞ்சினை அணைக்காமலே கேட்டார்.

“அட்டையில தெனம் பென்சில்ல கோடு போட்டியே, அது என்னப் புடிக்கத்தானே?”

டிபன் பாக்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

“மொத நாளே பாத்துட்டேன்” என்றார். “அப்பால உன் கோடு அழியக்கூடாதுன்னு அத மிதிக்காமதான் வண்டிய எடுத்தேன்.”

பஸ் வந்து நின்றது. ஏறிக்கொண்டேன். அன்று விளக்கடியில் கையில் வந்த முதல் சீலை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது.