பிழிந்த பஞ்சு

பல்கீஸ் சிஸ்டரின் கைக்கு ஒரு பழக்கம். ஈரமான எதை எடுத்தாலும் பிழிந்துதான் கொடுக்கும். சிவகாசியில் எங்கள் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் இருபத்திரண்டு வருஷமாகப் பஞ்சு பிழிந்த கை அது. நான் அங்கே எக்ஸ்ரே எடுப்பவன். "ஏலே கருப்பணா, படம் எடுக்கச் சொன்னா படம் காட்டிக்கிட்டு இருக்கியே" என்று அவர் என்னை ஏசாத நாள் கிடையாது.

பொன்னுத்தங்கம் என்ற அம்மா, பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தவர். பிளேட் வைத்தும் சேரவில்லை. இரண்டாவது ஆபரேஷனில், எலும்பை வளரத் தூண்டும் மருந்தை உடம்போடு கரைந்துவிடும் ஒரு பஞ்சில் ஊற்றி அந்த இடைவெளியில் வைப்பது என்று முடிவானது. "பதினஞ்சு நிமிஷம் ஊறணும் சிஸ்டர். அப்பத்தான் மருந்து பஞ்சைப் பிடிச்சு நிக்கும். பிழிஞ்சிராதீங்க" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

சிஸ்டர் பிழிந்துவிட்டார். டாக்டர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். மருந்து தட்டில் வடிந்தது. சிஸ்டர் பேசாமல் பஞ்சை நீட்டிவிட்டார்.

மறுநாள் என்னிடம் மட்டும் சொல்லி அழுதார். "வெளிய சொல்லாதீங்க சிஸ்டர். எலும்பு தானாச் சேந்துரும்" என்றேன். நான் பெரிய டாக்டர் பாருங்கள், யோசனை சொல்வதற்கு.

மாதாமாதம் படம் எடுத்தேன். ஆறாவது மாதமும் எலும்புக்கு நடுவில் அதே கறுப்புக் கோடு. பொன்னுத்தங்கம் படத்தைப் பார்த்துவிட்டு விசும்பினார்.

"எல்லாம் என்னால வந்த வினை தம்பி. ஊனக் கூடாதுன்னு சொல்லியும் ரெண்டு நாளு காலை ஊனிட்டேன். எம் மவ கீர்த்திகா ஆறு மாசமா அதைச் சொல்லியே என்னைய வையுதா."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற சிஸ்டரிடம் பேசாமல் இருங்கள் என்று கண்ணைக் காட்டினேன். அவர் என் பக்கமே பார்க்கவில்லை.

"நீங்க ஊனுனதுதான் காரணம்னு நெனைக்காதீகக்கா. உங்க காலுக்குள்ள வைக்க வேண்டிய மருந்தை நான் பிழிஞ்சு கொட்டிட்டேன். டாக்டர்ட்டயும் இப்பப் போய்ச் சொல்லப் போறேன்."

பொன்னுத்தங்கம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"இது எம்புட்டு நாளாத் தெரியும் உங்களுக்கு?"

"அன்னைக்கே தெரியும்."

"டாக்டர்ட்ட பெறகு சொல்லுங்க. எம் மவ வெளியதான் உக்காந்திருக்கா. மொதல்ல அவகிட்டப் போய்ச் சொல்லுங்க."

சிஸ்டர் தலையாட்டிவிட்டுக் கதவைத் திறந்தார். பொன்னுத்தங்கம் என் பக்கம் திரும்பினார்.

"உனக்கும் தெரியுமா தம்பி?"

"தெரியும்க்கா."

"அப்ப நீயும் கூடப் போ."