கயிறு மட்டும் வீட்டில்

மலேசியாவின் பண்டார் தெங்காராவில் மாடுகளுக்குக் கயிறே கிடையாது. செம்பனைத் தோட்டத்துச் சாலையின் நடுவில் அவை பாட்டுக்குப் படுத்து அசைபோடும். லோரிகள்தான் ஒதுங்கிப் போகவேண்டும். வந்த புதிதில் ஒருநாள் நான் பதறிப்போய், "யாரோட பண்டமோ அவுத்துக்கிட்டு வந்துருச்சுங்க, புடிச்சுக் கட்டோணும்" என்று லோரிக் கதவைத் திறந்தேன். லோரி ஓட்டிய மணியம் சிரித்தார். என்னோடு எண்ணெய் ஆலையில் வேலை செய்பவர், இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர்.

"பண்டமா? அலமாக், அது கம்பத்து ஆளோட லெம்புண்ணே. அதுவே வீட்டுக்குப் போயிரும் லா."

அவருக்கு மலாய் வழக்கில் மாடு லெம்பு, கிராமம் கம்பம்; பண்டம் என்றால் தீபாவளி முறுக்கு. தாராபுரம் பக்கம் எங்களுக்கு அது ஆடு மாடு. விருந்தாளி வந்தால் பண்டங்கன்று நலமா என்று கேட்ட பிறகுதான் பிள்ளைகளின் நலம் கேட்பார். இந்தப் பெயர் எப்படி வந்தது என்று தனியாகச் சமைத்துத் தனியாக உண்ணும் வேளைகளில் யோசித்திருக்கிறேன். பண்டம் என்றால் பொருள், சொத்து. மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று ஒரு பொருள் உண்டு. மழையை நம்பமுடியாத எங்கள் புன்செய்க் காட்டில், நம்பக்கூடிய சொத்து கட்டுத்தறியில்தான் நின்றது. அதனால் வந்த பெயராக இருக்கலாம். நான் பண்டிதனல்ல, ஆலையில் மோட்டார் பழுது பார்ப்பவன்.

அந்தக் கட்டுத்தறியில் கடைசியாக மிஞ்சியது ஒரு செவலைப் பசு. சோளத்தட்டு அறுத்துப் போட ஆளில்லை, இடுப்பு ஒத்துழைக்கவில்லை, விற்றுவிடலாமா என்று மனைவி சாந்தாமணி பல மாதமாகக் கேட்டாள். நான் தட்டிக்கழித்தேன். கொட்டகை காலியானால் நான் ஊர் திரும்ப ஒரு காரணம் குறைந்துவிடும் என்று பயமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. போன வாரம், "சரி, உன் இஷ்டம்" என்றேன்.

நேற்று அவளே அழைத்தாள்.

"வித்துப்போட்டனுங்க."

"கயித்தைக் குடுத்துட்டியா?"

எங்கள் பக்கம் மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கமாட்டோம். கயிறு போனால் பட்டியே போய்விடும் என்பார்கள். வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுவந்து மாற்றிக் கட்டி ஓட்டிப் போகவேண்டும்.

"அதெப்படிங்க குடுப்பேன்? நம்ம கயிறு வீட்லதான் இருக்குது. நீங்க உட்டுட்டுப் போன சட்டை தொங்குதுல்ல, அந்த ஆணியிலயே மாட்டியிருக்கறனுங்க."



இன்று காலை வேலைக்குப் போகையில் சாலையில் ஒரு மாடு படுத்திருந்தது. மணியம் ஒதுங்கி ஓட்டினார். மாட்டின் கழுத்தில் ஒன்றுமில்லை. என் கழுத்தையும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.