மாட்டு டாக்டரின் பச்சைக் கையெழுத்து

மாட்டு டாக்டர் அருளப்பன் சார் போய்விட்டார் மக்களே, எருமைக்குப் போட்ட அதே கையெழுத்தால் தாம்பரத்துப் பிள்ளைகளைக் கல்லூரிக்குள் தள்ளிவிட்ட மனிதர் நேற்றுக் காலை சேலையூர் வீட்டில் போய்விட்டார்!

எனக்குச் செய்தி அவருடைய மகளிடமிருந்து ஒரே வரியில் வந்தது. அரை மணி நேரத்தில் இன்னொன்று வந்தது. பட்டணத்துக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர் குழுவில் அவருக்கு ஓர் இரங்கல். தகுதி ஒன்றால் மட்டுமே இடம் கிடைத்த பொற்காலத்தின் சாட்சி மறைந்தாராம். பொற்காலம்! எழுதியவர் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. இத்தனை வயதாகியும் தன்னை யார் உள்ளே அழைத்துப் போனார்கள் என்று தெரியாமலே ஒருவர் வாழ்ந்து முடிக்க முடியும் போலிருக்கிறது.

நானும் அப்படி உளறியவன்தான். மூன்று வருடம் முன்பு, பழைய பேப்பர் கடையில் கிடைத்த பி.யூ.சி. என்ற அந்தக் காலக் கல்லூரிப் புகுமுக வகுப்பின் படம் ஒன்றை என் பக்கத்தில் போட்டு, அப்போதெல்லாம் மார்க் இருந்தால் போதும், சீட்டு நிச்சயம் என்று எழுதினேன். முகப்படம்கூட இல்லாத ஒரு கணக்கிலிருந்து, "அட்டெஸ்டேஷன் யார் போட்டது?" என்று கேள்வி வந்தது. புரியவில்லை. பதிலுக்குப் பதில் போட்டுச் சண்டை முற்றி, வீட்டு விலாசம் வாங்கி நேரிலேயே போனேன். கதவைத் திறந்தவர் அருளப்பன் சார், எண்பதைத் தாண்டிய வயது. காலேஜ் போனியா என்றார். பிளஸ் டூவோடு சரி, மற்றதெல்லாம் போனிலேயே படித்தேன் என்றேன். "நல்லது. அப்ப உனக்குப் பொற்காலம் கெடையாது. உக்காரு" என்றார்.

அறுபதுகளின் கடைசியில் கல்லூரி விண்ணப்பத்தோடு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின் நகலை டைப் அடித்து வைக்க வேண்டும். நகல் உண்மையானது என்று கெஜட்டட் ஆபீசர் ஒருவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு சீல் வைக்க வேண்டும். ஆபீசர் வீட்டுப் பிள்ளைக்கு இந்த வேலை காலைக் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும். அப்பா இல்லாவிட்டால் எதிர் வீட்டு மாமா. பள்ளிக்கரணை ஏழுமலைக்கு எதிர் வீடு சதுப்பு. எருமை மேய்க்கிற குடும்பம், கணக்கில் பள்ளியிலேயே முதல் பையன். மூன்று ஆபீசர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். மூன்று பேரும் சொன்னது ஒரே பதில்: உன்னை எனக்குத் தெரியாதே. இரண்டு காகிதத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஆளை எதற்குத் தெரிய வேண்டும்? கண் தெரிந்தால் போதாதா? இது தோன்றாத மூளைகளுக்குத்தான் அரசாங்கம் பச்சை மை கொடுத்து வைத்திருந்தது.

அருளப்பன் அப்போது தாம்பரம் அரசுக் கால்நடை மருந்தகத்தில் இளம் டாக்டர். ஏழுமலையின் அம்மா, விற்கப்போகும் எருமைக்கு நோயில்லை என்று சான்று வாங்க அங்கே வந்தார். டாக்டர் பேனாவைத் திறந்தார். மையின் நிறத்தைப் பார்த்ததும் அந்த அம்மா கேட்டாராம்: "எர்மைக்குப் போட்றியே நைனா, எம்புள்ளைக்குப் போடக்கூடாதா?"

மறுநாள் ஏழுமலை வந்தார். டாக்டர் மூலத்தையும் நகலையும் வரி வரியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். கல்லூரி அலுவலகத்தில் சூப்பரிண்டெண்டெண்ட் அந்த சீலைப் படித்துவிட்டு, "என்னப்பா, மாட்டாஸ்பத்திரி சீல்? மனுஷ டாக்டர் யாரும் கெடைக்கலையா உனக்கு?" என்று பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அன்றுதான் கடைசி நாள். ஏழுமலை மின்சார ரயிலேறித் தாம்பரம் வந்தபோது டாக்டரின் கை தோள் வரைக்கும் ஒரு பசுவுக்குள் இருந்தது. கன்றை வெளியே எடுத்துப் போட்டு, கையை மட்டும் கழுவிக்கொண்டு, அதே சட்டையோடு ரயிலேறினார். பெட்டியில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லையாம்.

கவுண்டரில் அவர் கேட்டது ஒன்றுதான். "கெஜட்டட் ஆபீசர்னு விதியில இருக்கு. எந்தப் பிராணிக்கு ஆபீசர்னு போட்டிருக்கா?" சூப்பரிண்டெண்டெண்ட் அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டார். டாக்டர் உட்காரவில்லை. விண்ணப்பத்தில் முத்திரை விழும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூனிலும் மருந்தகத்தில் ஒரு பக்கம் மாடு, ஒரு பக்கம் பிள்ளைகள். கோவளத்திலிருந்துகூட பஸ் மாறி வந்தார்கள். இந்த இடம்வரை கேட்டு நான் துள்ளிவிட்டேன். இப்பவே போட்டுடலாம் சார், பயங்கரமா ரீச் ஆகும் என்றேன். மிச்சத்தையும் கேள் என்றார்.

ஏழுமலை பி.எஸ்சி. கணக்கில் நல்ல வகுப்பில் தேறினார். பல்லாவரம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆபீசர் வேலைக்கு விண்ணப்பித்தார். மேனேஜர் வீட்டு நாய்க்கு வைத்தியம் பார்ப்பவர் அருளப்பன். மேனேஜருக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்று ஏழுமலை கேட்டார். காகிதம் நிஜமா என்று கேட்டால் கையெழுத்துப் போடுவேன், ஆளைப் பற்றி எழுதினால் அது சிபாரிசு என்று டாக்டர் மறுத்துவிட்டார். அந்த நாற்காலி, மேனேஜரோடு சீட்டு விளையாடுகிறவரின் பையனுக்குப் போனது. ஏழுமலை படித்த அதே கல்லூரி, அதே பி.எஸ்சி. கணக்கு, ஆனால் மூன்றாம் வகுப்பில் தேர்ச்சி. ஏழுமலைக்கு அடுத்த வருடம் அதே தொழிற்சாலையின் வாசலில், வருகிறவர்கள் நேரத்தைக் குறிக்கிற வேலை கிடைத்தது. ஆபீசர்கள் தாமதமாக வந்தால் குறிக்கக் கூடாது என்பது அங்கே விதி.

சார் அந்த மேனேஜரைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மாட்டுக்குள்ள கை விட்டவன் நான். ஒரு லெட்டர் எழுதினா கை அழுக்காயிடும்னு நெனச்சேன். ஆபீசருங்க எல்லாம் அவனவன் புள்ளைக்கு வூட்டுக்குள்ளயே எழுதிக்கினு இருந்தானுங்க. நான் மட்டும் அந்தப் பையன்கிட்ட யோக்கியன் வேஷம் போட்டேன்."

பின்னாளில் அவர் பள்ளிக்கரணைக்குப் போய்த் தேடியிருக்கிறார். ஏழுமலையின் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. காவலாளிக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. இதையெல்லாம் தான் செத்த பிறகு போடு என்றார். இருக்கும்போது போட்டால் மாலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்களாம்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஏளனத்தை. அடுத்தவன் மேல் துப்புவதற்கு முன்னால் தன் மேல் ஒருமுறை துப்பிக்கொள்ளும் ஏளனம். பொற்காலப் பெரியவர்களுக்கு அதில் ஒரு சொட்டு இருந்திருந்தால் இன்று வேறு மாதிரி எழுதியிருப்பார்கள்.

பகிருங்கள் மக்களே. தொழிற்சாலை வாசலில் வேலை பார்த்த, பி.எஸ்சி. கணக்கு படித்த ஏழுமலை சாரையோ அவர் பிள்ளைகளையோ தெரிந்தவர் உங்களில் யாராவது இருப்பீர்கள். இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். டாக்டர் சொல்லச் சொன்னது இவ்வளவுதான்: "அன்னிக்கு எழுதிக் குடுத்திருக்கணும், ஏழுமலை. குடுக்கல."