ஒன்ஸ்மோர் கேட்ட அம்மா

தமிழ்-தெலுங்கு எல்லைத் தகராறு சூடாக இருந்த நாட்கள் அவை. எங்கள் பக்கத்துத் தமிழ் ஊர்களை மதராஸ் ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி, மகஜர் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். வடமாலபேட்டையில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு கூலிக்கார அம்மா, கேட்டவுடன் கட்டைவிரலை நீட்டினாள். வெடித்த குதிகால், கன்னத்தில் அடக்கிய புகையிலை, மடிப்புக் கலையாத மஞ்சள் புடவை.

"எங்கம்மா போய்க்கினு இருக்கீங்க?"

"திருப்பதிக்கு, தெலுங்கு நாடகம் பாக்க. மாசம் ஒண்ணு உடமாட்டேன்."

எனக்குச் சுர்ரென்றது. "தமிழ் ராஜ்யம் கேட்டு ரேகை வெச்சிட்டு, தெலுங்குப் பாட்டு கேக்கப் போறீங்களா?"

"ஊரு எங்க சேரணும்னு கேட்ட, சொன்னேன். என் காது எங்க சேரணும்னு நீ சொல்லாத நைனா."

விடுவதாயில்லை என்று நானும் அதே பஸ்ஸில் ஏறினேன். கொட்டகையில் அவள் பெரிய மனுஷர்களின் நாற்காலிகளுக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். பின்னால் போகச் சொல்லி ஒருவர் தெலுங்கில் விரட்டினார். அவள் அசையவில்லை. கிருஷ்ணர் வேஷக்காரர் ராகத்தை இழுத்துப் பாடி முடித்ததும், "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினாள். நாற்காலிக்காரர்கள் முறைத்தார்கள். வேஷக்காரரோ அவளைப் பார்த்துத் தலையசைத்து, முதல் அடியிலிருந்து மறுபடி பாடினார்.

முடித்ததும் இன்னொரு ஒன்ஸ்மோர் எழுந்தது. இந்தத் தடவை அவள் வாய் திறக்கவில்லை. அக்குளில் மகஜர் கசங்கக் கத்தியது நான்தான்.