நான் கேட்கக் கூடாத குரல்

வியாழக்கிழமை இரவு எட்டு மணி ஆகப்போகிறது என்றால் என் மாமியார் என்னை உள்ளறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார். சாத்தினால் மட்டும் போதாது. கதவிடுக்கில் பழைய சேலை ஒன்றைச் சுருட்டி வைத்து அடைப்பார். "காதைப் பொத்திக்கிட்டு இரி மக்கா. அவளுக்க சத்தம் ஒனக்க காதில விழக்கூடாது. வயித்துப் பிள்ளைக்கு ஆகாதாக்கும்" என்பார்.

அவள் என்றால் டி.வி.யில் வரும் ரத்தக்காட்டேரி. மலையோரத்து எஸ்டேட் பங்களாவில் பகலெல்லாம் மரப்பெட்டிக்குள் படுத்திருந்து, இருட்டியதும் எழுந்து ஆட்களின் கழுத்தைத் தேடி வருகிறவள். முதல் பாகத்தின் கடைசியில் அவள் நெஞ்சில் இரும்பாணி அடித்துப் பெட்டியோடு புதைத்திருந்தார்கள். அடுத்து என்ன என்று ஊரே காத்துக் கிடந்தது. இரண்டாம் பாகத்தில் யாரோ ஒரு மடையன் அந்த ஆணியைப் பிடுங்கிவிட்டான். நான் கட்டிலில் உட்கார்ந்து, சொன்னபடி காதைப் பொத்திக்கொள்வேன். அப்படியும் சேலையைத் தாண்டி அந்தக் குரல் உள்ளே வரும். வராமல் எங்கே போகும்? அது என் குரல்.

நான் தனுவச்சபுரம் கல்லூரியில் படித்தபோது நாடகங்களில் பேசுவேன். என்னோடு படித்த ஒருத்தியின் அண்ணன் திருவனந்தபுரத்தில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் இருந்தான். மலையாளத்தில் எடுத்த அந்தத் தொடரைத் தமிழ்ச் சானல் ஒன்று வாங்கியிருந்தது. எல்லையோரத்து எங்கள் ஆட்களுக்கு இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு. அப்படித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். காட்டேரிக்கு வாயசைத்த நடிகையை நான் நேரில் கண்டதே இல்லை. அவள் வாய் திறக்கும் நேரம் நானும் திறக்க வேண்டும், மூடும் நேரம் மூட வேண்டும், அவ்வளவுதான். ஊர்ப் பேச்சு தப்பித் தவறி வந்துவிடாதபடி ஒவ்வொரு சொல்லையும் கடித்துக் கடித்துப் பேசினேன். வீட்டில் 'ஆக்கும்' போட்டு சண்டை பிடிக்கும் நானும், ராணி மாதிரி சுத்தத் தமிழ் பேசும் அவளும் ஒரே ஆள் என்று யாருக்குத் தோன்றும்?

என் கணவருக்கு மட்டும் தெரியும். மாமியாரிடம் ரேடியோவில் விவசாய நிகழ்ச்சிக்கு வாசிக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தோம். ஒருநாள் மாமியார் என்னைப் பிடித்து நிறுத்தி, நம் வீட்டுத் தென்னையில் வண்டு துளைக்கிறதே, என்ன மருந்து வைப்பது என்று கேட்டுவிட்டார். நான் முழித்த முழி இருக்கிறதே! அடுத்த வாரம் விசாரித்து வருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

அந்தக் காட்டேரிக்குக் கோரைப் பல் சும்மா பேருக்குத்தான். அவளுடைய ஆயுதம் கூப்பிடுவது. ஜன்னலுக்கு வெளியே நின்று, கத்தாமல், அடித்தொண்டையில் 'வா' என்பாள். கூப்பிடப்பட்டவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்தே தீர வேண்டும். தாயத்து கட்டியிருந்தாலும் தப்பமுடியாது, சங்கிலி போட்டுக் கட்டிலில் பிணைத்திருந்தாலும் தப்பமுடியாது. அதுதான் கதையின் சட்டம். பாறசாலை பஸ் ஸ்டாண்டில் பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அப்படிக் கூப்பிட்டுப் பயமுறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். என் மாமியாருக்கு அந்த 'வா' கேட்டால் கைகால் விறைத்துவிடும். தொடர் பார்க்க வரும் பக்கத்து வீட்டு டீச்சரின் கையை இறுகப் பிடித்துக்கொள்வார். அதற்காகப் பார்க்காமலும் இருக்க மாட்டார்.

கதவைச் சாத்தியதற்குக் காரணம் இருந்தது. முதல் பாகம் ஓடிக்கொண்டிருந்த சமயம் எனக்கு ஒரு பிள்ளை மூன்றாம் மாதத்தில் கலைந்துபோயிற்று. வியாழக்கிழமை, மாமியாரோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் இடுப்பு வலி கண்டது. இப்படி நிறையப் பேருக்கு நடக்கும், யார் மேலும் குற்றமில்லை என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். மாமியார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அவளுக்க சத்தத்தில பேடிச்சதாக்கும்" என்று, பயத்தில் கலைந்ததாகவே முடிவு கட்டிவிட்டார்.

பட்டம் வாங்கியவள், இதையெல்லாம் நம்புவேனா என்று சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. கேட்டதற்கே இப்படி என்றால், அந்தச் சத்தத்தைப் போட்டவளுக்கு? சத்தம் புறப்படுகிற உடம்புக்குள்ளேயே கிடந்த பிள்ளைக்கு? யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை. கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

இரண்டாம் பாகத்துக்கு ஆள் அனுப்பியபோது நான் மறுபடி நான்கு மாதக் கர்ப்பம். பழைய குரல் இல்லாவிட்டால் ஜனங்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று கெஞ்சினார்கள். "ஒனக்கு வேண்டாம்னா விடு. வேணும்னா போ" என்றார் என் கணவர். எனக்கு வேண்டும். மற்ற நேரமெல்லாம் நான் இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி. அந்தக் கண்ணாடி அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் ஊரையே நடுங்கவைக்கிறவள். எனக்கு அது பிடித்திருந்தது. சொல்வதற்கென்ன?

போன பிறகுதான் கதை என் கழுத்துக்கே வந்தது. ஆணி பிடுங்கப்பட்டு எழுந்தவளுக்கு இந்த முறை ரத்தம் போதவில்லை, பிள்ளை வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிகள் படுத்திருக்கும் ஜன்னல்களாகப் பார்த்து வந்து நின்றாள். டப்பிங் சார் வயதான மலையாளி. என் வயிற்றையும் கையிலிருந்த தாளையும் மாறி மாறிப் பார்த்து, வேண்டுமானால் வசனத்தை மாற்றி எழுதலாம் என்றார். வேண்டாம் சார் என்றேன். 'உன் வயிற்றில் கிடப்பது எனக்கு உரியது. வா.' இதைச் சொல்லும்போது என் இரண்டு கைகளும் தானாக என் வயிற்றின் மேல் வந்து மூடிக்கொண்டன. ஐந்தாம் மாதம் கடந்ததும் உள்ளிருந்து உதை விழ ஆரம்பித்தது. நான் அந்தக் குரலுக்கு இறங்கினால் போதும், உடனே உதைப்பான். பயந்துதான் உதைக்கிறான் என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வயிற்றைத் தடவி, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே வருவேன்.

எட்டாம் மாதத்தில் கடைசிப் பதிவு. மறுபடி ஆணி அடிக்கிற காட்சி. வசனம் கிடையாது, ஒரே ஓர் அலறல், மூச்சு தீரும்வரை. முதல் தடவை நீளம் போதவில்லை. இரண்டாம் தடவை நான் உட்கார்ந்திருந்த நாற்காலி கிரீச்சிட்டுக் காரியத்தைக் கெடுத்தது. சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னும் ஒரு தடவை என்று விரலைக் காட்டி, "ஒண்ணு கூடி, மோளே" என்றார். எழுந்து நின்று அலறினேன். அடிவயிற்றிலிருந்து கிளம்பிய சத்தம் எனக்கே என்னுடையதாகத் தெரியவில்லை. முடிந்ததும் கண்ணில் பூச்சி பறந்தது. அவர்கள் கைதட்டினார்கள். நான் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உதை வரவில்லை.

தூங்குகிறான் என்று சொல்லிக்கொண்டேன். பாறசாலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். வழியில் எப்போதும் குழி விழுந்த ரோட்டில் பஸ் தூக்கிப் போட்டால் எரிச்சலோடு ஓர் இடி இடிப்பான். அன்று இடிக்கவில்லை. நெய்யாற்றின்கரை ஸ்டாண்டில் குளிர்ந்த சோடா வாங்கி மடமடவென்று குடித்தேன். குளிர்ச்சி இறங்கினால் அசையும் என்பார்கள். அசையவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் பின்சீட்டுக்காரியிடம், "அடுத்த வாரத்தோட அவளைத் தீர்த்திருவாவ. சாவட்டும் சண்டாளி, எத்தற பிள்ளைகளத் தின்னுட்டா!" என்றாள். அமரவிளை தாண்டியது. இது இரண்டாவது, இதுவும் போய்விட்டால் இதற்கு நான் மட்டும்தான் காரணம் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். கடவுளே, என் குரலை எடுத்துக்கொள், இனி ஒரு சொல்கூடப் பேசமாட்டேன் என்று வேண்டினேன்.

கணவர் தன் கடைக்குச் சரக்கு எடுக்க நாகர்கோவில் போயிருந்தார். மாமியார் கோழிகளைக் கூட்டில் அடைத்துக்கொண்டிருந்தார். "மாமி, பிள்ளைக்கு அனக்கமே இல்ல" என்றேன்.

"எப்பளேருந்து?"

"மத்தியானத்திலேருந்து."

கையிலிருந்த கோழியை அப்படியே விட்டுவிட்டு ஜங்ஷனுக்கு ஓடினார். அறுபது வயதுக்காரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியதை அன்றுதான் கண்டேன். ஆட்டோ வருவதற்குள் தினசரி அரை மணி கரண்ட் கட் ஆரம்பித்துவிட்டது. இருட்டில் தடவித் தடவித்தான் ஏறினேன்.

காரக்கோணத்து ஆஸ்பத்திரிக்கு தனுவச்சபுரம் வழியாகப் போனோம். இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். ஆட்டோவின் முன்விளக்கு தவிர வெளிச்சமே இல்லை. மாமியார் என் வயிற்றில் உள்ளங்கையைப் பதித்து வைத்திருந்தார். "எங்கயாவது விழுந்தியா? பாரம் எடுத்தியா? சொல்லு பிள்ளே, டாக்டர் கேப்பாரு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "மாமி, அந்தக் காட்டேரிக்குப் பேசுறது நானாக்கும். இன்னைக்கு அவ சாவுறதுக்கு அலறினேன். அப்பளேருந்துதான் அனக்கம் இல்ல."

"முந்தின பாகத்திலயும் பேசினது நீதானா?" என்று கேட்டார் மாமியார்.

"ஆமா மாமி."

வயிற்றிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். என் உயிரே போய்விட்டது. பாவி, என் பேரனைத் தின்றுவிட்டாயே என்று கேட்கப்போகிறார், கேட்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் முந்தானையால் கையின் வியர்வையைத் துடைத்தார். துடைத்துவிட்டு என் தாடையைப் பிடித்துத் திருப்பினார்.

"எட்டி, அவ கூப்பிட்டு வராம இருந்தவன் உண்டா?"

எனக்குப் புரியவில்லை.

"நான் ஒரு வாரங்கூட விடாமப் பாக்கேன். அவ கூப்பிட்டு வராதவன் ஒருத்தன் உண்டா?"

"இல்ல மாமி."

"அப்பம் கூப்பிடு."

"மாமி, எனக்குப் பேடியா இருக்கு."

"எனக்குப் பேடி இல்லியா? அவனுக்கு நாலு மாசமா ஒனக்க அந்தச் சத்தம்தான் தெரியும். எனக்க சத்தம் தெரியுமா? கூப்பிடுட்டி!"

மறுபடியும் என் வயிற்றில் கையை வைத்தார். நான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. விழுங்கிக்கொண்டேன். நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை அடிவயிறு வரை இழுத்து, ஸ்டூடியோவில் இறங்குகிற இடத்துக்கு இறங்கி, "வா" என்றேன்.

"எந்தம்மோ!" என்று அலறிக்கொண்டு டிரைவர் பிரேக்கை மிதித்தான். ஆட்டோ ரோட்டை விட்டு இறங்கி ரப்பர் மரத்தடியில் போய் நின்றது. அவனும் வியாழக்கிழமை பார்க்கிறவன்தான். இறங்கி ஓட ஒரு காலை வெளியே வைத்துவிட்டான்.

"எலே, ஒன்னைய இல்லல, எனக்க பேரனைக் கூப்பிடுதா! வண்டிய எடு!" என்று மாமியார் போட்ட சத்தத்தில் கால் தானாக உள்ளே வந்தது.

வண்டி தடதடத்துக்கொண்டு ரோட்டில் ஏறியது. நான் இன்னொரு முறை கூப்பிட்டேன். இந்த முறை குரல் கட்டுக்குள் நிற்கவில்லை. "வா மக்கா" என்று வந்துவிட்டது. காட்டேரி ஒருநாளும் யாரையும் மக்கா என்றதில்லை. மாமியாரின் கைக்குக் கீழே, விலா எலும்பை ஒட்டி, ஓங்கி ஓர் உதை விழுந்தது. உடனே இன்னொன்று.

"வந்துட்டான்" என்றார் மாமியார். "வந்துட்டாம்ட்டி." அப்புறம் ஆஸ்பத்திரி வரும்வரை ஓங்கி அழுதுகொண்டே வந்தார்.

டாக்டர் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். சில சமயம் பிள்ளைகள் நெடுநேரம் தூங்கிப்போவதுண்டு, ஆனாலும் உடனே வந்தது நல்லது என்று சொல்லி ஒரு நாள் படுக்கவைத்து அனுப்பினார். ஆட்டோ பள்ளத்தில் இறங்கிய குலுக்கலில் விழித்திருப்பான் என்றுதான் என் கணவர் இன்றைக்கும் சொல்கிறார். இருக்கட்டும், அவர் ஆட்டோவில் இல்லையே.

அடுத்த வியாழன் கடைசிப் பகுதி. டீச்சர் சீக்கிரமே வந்து இடம் பிடித்துவிட்டார். எட்டு மணி ஆனதும் நான் பழக்கத்தில் எழுந்து உள்ளறைக்குப் போனேன்.

"எங்க போற? இஞ்ச வந்து இரி" என்றார் மாமியார்.

டீச்சர் பதறிவிட்டார். "ஐயோ, என்ன சொல்லுதிய! இன்னைக்கு அவளுக்க சாவுக் கூச்சல் உண்டு. பிள்ளைத்தாய்ச்சி கேக்கலாமா?"

"கேக்கட்டும் டீச்சரே. அது எனக்க மருமவளுக்க சத்தமாக்கும்."

டீச்சர் என்னைப் பார்த்தார், டி.வி.யைப் பார்த்தார், தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். பெட்டியைத் திறந்தார்கள், ஆணியை வைத்தார்கள், சுத்தியலை ஓங்கினார்கள். அந்த நாள் முழுவதும் எனக்குத் திரும்பி வந்தது, பஸ், சோடா, இருட்டு எல்லாம். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. மாமியார் டீச்சரின் கையைத் தேடவில்லை. நகர்ந்து என் பக்கத்தில் வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் என் வயிற்றின் இரு பக்கமும் வைத்துப் பொத்தினார். என் அலறல் வீட்டை நிறைத்தது. உள்ளே பிள்ளை துள்ளினான். அவர் குனிந்து, என் வயிற்றோடு வாயை வைத்துச் சொன்னார்:

"பேடிக்காத மக்கா. அம்மையாக்கும்."