படியில் நின்ற விரல்

செய்தி வந்தபோது நான் ஹில்கிராஃப்ட் தெருவில் ஒரு இந்திய மளிகைக் கடையில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்தேன். கோமதி அக்காவின் கணவர் சண்முகம் அண்ணாதான் அழைத்தார். "செல்வி, கோமதி போயிட்டா" என்றார். கணையத்தில் கட்டி என்று தெரிந்து ஐந்து மாதமாக எல்லோரும் எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் கையிலிருந்த கொத்தைப் பெட்டியில் வைத்தேன், மறுபடி எடுத்தேன், மறுபடி வைத்தேன். பின்னால் நின்ற அம்மாள் "எடுக்கறீங்களா, இல்லையா?" என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

கோமதி அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். கோயில் சமையலறையில் புளியோதரைக்குத் தானே உப்புப் போட்டுவிட்டு, இன்னொருவரைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்வாரே, அவர்தான். மருத்துவமனையில் மருந்தாளுநர் வேலை. "எதையும் நாலு கண்ணு பாக்கணும்ட்டி, ரெண்டு கண்ணு பொய் சொல்லும்" என்பார். திருநெல்வேலிப் பேச்சு முப்பது வருட டெக்சாஸ் வெயிலிலும் காயவில்லை. உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. அக்காவிடம் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. என்னிடமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கினோம்.

அக்கா வீட்டில் பட்டப்பகலில் ஆள் புகுந்து நகைப்பெட்டியை எடுத்துப் போன கதை உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு மறுமாதம் நடந்தது இது. கைப்பையில் அடங்குகிற சின்னத் துப்பாக்கி. கடையிலிருந்து வெளியே வந்ததும் இரண்டு பெட்டிகளையும் ஒரு புடவைக்கடைப் பையில் போட்டு, மேலே ஒரு துண்டை விரித்து எடுத்து வந்தோம். இந்த ஊரில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் குங்குமம் அழியாமலேயே சுடும் பயிற்சிக்குப் போவோம். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கிழவர் முதல் நாள் எங்களைப் பார்த்து முழித்த முழியை அக்கா நடித்துக் காட்டினால் வயிறு வலிக்கும்.

துப்பாக்கியில் விரலால் இழுக்கும் விசை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இழுத்தால் முதலில் கொஞ்சதூரம் சும்மா வரும். பிறகு ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அதற்கும் மேல் பலமாக அழுத்தினால்தான் வெடிக்கும். முட்டிக்கொள்ளும் அந்த இடத்தைக் கிழவர் சுவர் என்றார். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. திரும்பி வரும்போது காரில் சொன்னார்: "சுவருன்னா அதுக்கு அங்கிட்டுப் போக முடியாதுல்லா? இது படிட்டி. வாசப்படி. நின்னு யோசிச்சு உள்ளயும் போலாம், வந்த வழியே திரும்பியும் போலாம்." அன்றிலிருந்து எங்களுக்குள் அது படிதான்.

எனக்கோ அந்தப் படியே ஆகவில்லை. என் குண்டுகள் எல்லாம் குறிக்கு இடப்பக்கம், கீழே போய் விழுந்தன. விசை கனமாக இருப்பதால் இழுக்கும்போது கை அசைகிறது என்று கிழவர் சொன்னார். பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்றும் சொன்னார். நான் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். எதையும் வாங்கின நிலையில் வைத்திருக்கத் தெரியாதவள் நான். போன், அடுப்பு, கார் சீட்டு எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். என் வீட்டுக்காரரையும் மாற்றக் கடை இருக்கிறதா என்று அக்கா கேட்டிருக்கிறார். இரண்டு வாரம் வீடியோ பார்த்து, ஆறு பவுண்டு அழுத்தம் கேட்கும் விசையை மூன்றரையாகக் குறைக்கும் உதிரிபாகத்தை வரவழைத்து, ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டினேன். அடுத்த ஞாயிறு குறி அட்டையில் என் ஓட்டைகள் எல்லாம் ஒரு சாஸருக்குள் அடங்கின. நான் குதிக்காத குறை.

அக்காவிடம் நீட்டினேன். ஐந்து குண்டு சுட்டார். ஐந்தும் நடுவில். துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

"நல்லாருக்குட்டி. ரொம்ப நல்லாருக்கு. அதான் பயமாருக்கு."

"இதுல என்னங்க்கா பயம்?"

"இங்க அட்டையச் சுடுதோம். அட்டை எங்கயும் ஓடாது, எனக்கும் அவசரமில்ல. வீட்டுல ஒருத்தன் வந்து நின்னா என் கை நடுங்கும். நடுங்குத கைக்கு லேசா இருக்கது நல்லதா, கனமா இருக்கது நல்லதா?"

"கனமா இருந்தா குறி தப்பிடுமுங்க்கா. தப்பின குண்டு பக்கத்து வீட்டுச் சுவத்துக்குள்ள போகுமுங்க."

"அதுவும் சரிதான். யோசிக்கேன்."

நான் சொன்னது தவறில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். அவர் சொன்னதும் தவறில்லை. மூன்று மாதம் ஒவ்வொரு ஞாயிறும் இதே வாக்குவாதம். யோசிக்கட்டும் என்று விட எனக்குப் பொறுமை இல்லை. அவர் பிறந்தநாளுக்கு அதே உதிரிபாகத்தை வாங்கி, வெற்றிலை பாக்கு மஞ்சளோடு ஒரு தாம்பூலப் பையில் வைத்துக் கொடுத்துவிட்டேன். பையைப் பிரித்துப் பார்த்தவர் சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது. "ஒலகத்துலயே இதத் தாம்பூலத்துல வச்சுக் குடுத்தவ நீதாம்ட்டி!" பிறகு அவருக்கு ஞாயிறும் வேலை என்று ஆனதால் பயிற்சி நின்றது. நான் போனில் நச்சரித்தேன். ஒருநாள், "போட்டாச்சு, விடு" என்றார். எனக்குப் பரம திருப்தி.

அதற்குச் சில வாரம் கழித்து, இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு வியாழக்கிழமை மதியம். எனக்கு லீவு. அக்கா சொதி கொடுத்தனுப்பிய எவர்சில்வர் தூக்கு என் வீட்டில் கிடந்தது. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாதே என்று எள்ளுருண்டை பிடித்து அதில் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் கார் இல்லை. சர்வீசுக்கு விட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. வேலைக்குப் போயிருப்பார், சமையலறை மேடையில் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். அவர்கள் கராஜ் கதவைத் திறக்கும் எண் எனக்குத் தெரியும், என்னுடையது அவர்களுக்குத் தெரியும். நம் ஆட்கள் யார்தான் போன் செய்துவிட்டுப் போகிறார்கள்? கதவு உருண்டு மேலே போனது. வழக்கம்போல் செருப்பைக் கராஜிலேயே கழற்றி விட்டு, வெறுங்காலோடு உள்ளே போனேன்.

உள்ளே காய்ச்சலில் தனியாகப் படுத்திருந்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சண்முகம் அண்ணா டாலஸில். கராஜ் திறக்கிற சத்தம் கேட்கிறது. அதன் பிறகு காலடிச் சத்தமே இல்லை.

நடைவழி முனையில் அக்கா நின்றார். இரண்டு கையும் நீட்டி, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே. முகம் அக்காவுடையதாக இல்லை. தூக்கு கீழே விழுந்து எள்ளுருண்டைகள் தரையெல்லாம் ஓடின. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அவர் கைகள் இறங்கிவிட்டன. குண்டுகளைக் கழற்றினார், துப்பாக்கியின் குண்டறை காலியா என்று பார்த்தார், மறுபடி பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டி, "நீயும் பாரு" என்றார். பார்த்தேன். காலி. அதன் பிறகுதான் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து எள்ளுருண்டை பொறுக்கினோம். ஒன்றை ஊதிவிட்டு அவர் வாயில் போட்டுக்கொண்டார். சுடுவதென்று முடிவு செய்யும்வரை விரல் விசை வளையத்துக்கு வெளியேதான் இருக்க வேண்டும் என்பது கிழவரின் முதல் பாடம். எனக்கு ஒன்றுதான் கேட்க வேண்டியிருந்தது.

"அக்கா, விரல் எங்கீங்க இருந்துச்சு?"

"வெளியதாம்ட்டி இருந்துச்சு. உள்ள வைக்கவே இல்ல." பிறகு, "அவங்ககிட்ட சொல்லிராத. மனுசன் தூங்க மாட்டாரு" என்றார். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "இனிமே செருப்பைப் போட்டுக்கிட்டே உள்ள வா" என்றார். பேரப்பிள்ளைகள் ஷூவோடு கம்பளத்தில் கால் வைத்தாலே ஊரைக் கூட்டுகிறவர். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்துவிட்டுப் போனேன். நெளிந்த தூக்கையும் மறதியில் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் சொன்னதை நான் நம்பினேன். நம்புவதற்குக் காரணமும் வைத்திருந்தேன். அவருடைய விசை மூன்றரை பவுண்டு. நடுங்குகிற விரல் அதைத் தொட்டிருந்தால் வெடித்திருக்கும். வெடிக்கவில்லை, ஆகவே தொடவில்லை. இரண்டு வருடம் இந்தக் கணக்கின் மேல்தான் நிம்மதியாகத் தூங்கினேன். நன்றாகத்தான் பயிற்சி எடுத்திருக்கிறோம் என்று கொஞ்சம் பெருமைகூட. ஆனால் அதன் பிறகு நாங்கள் இருவரும் சுடப் போகவே இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் சண்முகம் அண்ணா அந்தத் தாம்பூலப் பையை என்னிடம் கொடுத்தார். உள்ளே காய்ந்து நொறுங்கிய வெற்றிலை, மஞ்சள், பாக்கு. நான் வாங்கிக் கொடுத்த உதிரிபாகம், உறை பிரிக்காமல்.

"இத உங்கிட்ட குடுக்கச் சொன்னா. கடைசி வாரத்துல ஒண்ணு சொல்லிட்டே இருந்தா. 'செல்விகிட்ட சொல்லுங்க, அன்னைக்கு அழுத்திட்டேன், படியில நின்னுட்டுது'ன்னு. மருந்து மயக்கமோ என்னமோ. என்னம்மா படி?"

"தெரியலீங்கண்ணா" என்றேன். "கோயில் படியா இருக்குமுங்க."

காருக்கு வந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அக்கா அழுத்தியிருக்கிறார். வெறுங்காலோடு தூக்கைப் பிடித்துக்கொண்டு நான் வந்து நின்றபோது அவர் விரல் உள்ளேதான் இருந்திருக்கிறது. கடையில் வாங்கினபடியே இருந்த அந்தக் கனமான விசை விரலை நிறுத்தி, நான் யார் என்று பார்க்க அவருக்கு ஒரு நொடி கொடுத்திருக்கிறது. அவர் என் பேச்சைக் கேட்டு என் பரிசை மாட்டியிருந்தால் நான் அந்த நடைவழியில் செத்திருப்பேன். அதைவிட என்னால் தாங்க முடியாதது, என்னைக் கொன்றவராக அவர் மிச்ச நாளைக் கழித்திருப்பார். நச்சரிப்பு தாங்காமல் ஒரு பொய் சொன்னார். நான் நிம்மதியாக இருக்க இன்னொரு பொய் சொன்னார். உண்மையை இரண்டு வருடம் தனியாக வைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது எந்தப் பொத்தானை அழுத்தினாலும், லிஃப்டோ, கராஜ் எண்ணோ, என் விரல் நடுவில் நின்றுவிடுகிறது. என் துப்பாக்கியை எடுத்துப்போய்ப் பழைய விசையையே மாட்டித் தரச் சொன்னேன். "யாரும் பழசுக்குத் திரும்ப மாட்டாங்களே" என்று மெக்கானிக் ஆச்சரியப்பட்டார். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்காவுடையது என்று என்னிடம் இருப்பவை மூன்று. நெளிந்த தூக்கு. பிரிக்காத அந்த உறை. படி என்ற சொல். போன வாரம் தூக்கில் எள்ளுருண்டை போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன், எல்லாவற்றையும் அண்ணாவிடம் சொல்லிவிடுவதென்று. கராஜ் திறந்ததும் செருப்பைக் கழற்றாமல் சத்தமாக, "அக்கா, நான்தானுங்க, செல்வி" என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது. உள்ளே சத்தமில்லை. அண்ணா வந்து கதவைத் திறக்கும்வரை அங்கேயே நின்றேன். அவர் கண்ணைப் பார்த்ததும் தைரியம் போய்விட்டது. எள்ளுருண்டையை ஒரு தட்டில் கொட்டிவிட்டு, தூக்கோடு திரும்பிவிட்டேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அண்ணா, அது கோயில் படி இல்லைங்க.