ஒரு பிடி பச்சரிசி

மருதையாற்று மணலில் அன்று சாயங்காலம் உட்கார்ந்திருந்தவர்கள்: என் மனைவி. நான். எங்கள் தெருவில் பாதிப் பேர். திருச்சியிலிருந்து வந்த நாடகக்காரர்கள். முன்வரிசையில் என் மாமியார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தையின் முந்தானை முடிச்சில் ஒரு பிடி பச்சரிசி இருந்தது. அது எங்கள் யாருக்கும் தெரியாது.

ஐம்பத்தாறாம் வருஷம் அரியலூர்ப் பக்கம் ரயில் இதே ஆற்றில் விழுந்ததைத்தான் நாடகமாகப் போட்டார்கள். முன்பு கதையாக எழுதியவரே நாடகமாகவும் ஆக்கியிருந்தார். ரயில் கிடையாது. பள்ளிக்கூட பெஞ்சுகள்தான் பெட்டிகள். நீலச் சேலைகள்தான் வெள்ளம். அத்தையின் அப்பா அந்த ரயிலில் போனவர். இருபத்தாறு வயது. உடல் கிடைக்கவில்லை. போட்டோவும் இல்லை. அத்தைக்கு அப்போது இரண்டு வயது. அப்பாவுக்கு வாய்க்கரிசி போடாததை வாய் விட்டுச் சொன்னதில்லை. ஊரில் வேறு சாவுக்குப் போனால், அரிசி அள்ளிய கை கொஞ்சம் நிற்கும். பிறகுதான் போடுவார்.

கடைசியில் நடிகர்கள் மணலில் பிணமாகப் படுத்தார்கள். ஒத்திகையிலேயே அத்தை இதைப் பார்த்து வைத்திருந்தார். எழுதியவர் எழுந்து, "உங்க வூட்டு ஆளுங்க நெனப்பு வந்தா பக்கத்துல போயி உக்காருங்க" என்றார். நாலைந்து பேர் போனார்கள். அத்தை ஒரு பையனின் தலைமாட்டில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். "வாங்கிக்கப்பா" என்று வாயில் போட்டார்.

பின்னாலிருந்து ஒரு பெரியவர், "ஏம்மா, உசுரோட இருக்குற புள்ளைக்குப் போடுறியே, புத்தி கெட்டுப்போச்சா?" என்றார். பையன் அசையவில்லை. அரிசி உதட்டில் அப்படியே இருந்தது.

அத்தை கரையில் இருந்த அடிபம்பில் தலை முழுகினார். ஈரத்தோடு வந்து பையனைக் கேட்டார்.

"ஒனக்கு என்ன வயசு சாமி?"

"இருபத்தாறுங்கம்மா."

அத்தை மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா காரியம் முடிந்தது. நிம்மதி வரவில்லை. மாதம் பிறந்தால், "மாப்ள, அந்தப் புள்ளைக்கு ஒரு போனு போடுங்க" என்பார். அவன், "அரிசி செரிச்சுப்போச்சும்மா. அடுத்த தடவ கொழம்பு ஊத்திப் போடுங்க" என்று சிரிப்பான். அத்தை சிரிக்கமாட்டார். "வண்டிய மெதுவா ஓட்டு" என்று போனை என்னிடம் கொடுத்துவிடுவார்.

நான் ஜல்லி லாரி ஓட்டுகிறவன். நாடகம் தெரியாது. முடிந்துபோனதைத் திரும்ப நடத்திக் காட்டி என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருந்தேன். முகமே தெரியாத அப்பாவுக்கு அன்று ஒரு முகம் கிடைத்தது. கிடைத்த பிறகு, அதுவும் போய்விடுமோ என்று பயம். சாகும்வரை அத்தைக்கு அந்தப் பயம் விடவில்லை.

போன மாதம் அத்தை போய்விட்டார். பையன் பெரம்பலூரில் பஸ் மாறி வந்து சேர்ந்தான். முன்தலையில் முடி கொட்டியிருந்தது. என் மனைவி அரிசித் தட்டை நீட்டினாள். ஒரு பிடி அள்ளினான். கை கொஞ்சம் நின்றது. பிறகு போட்டான்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டேன். அத்தை இருந்தால் கேட்டிருப்பார். அதனால் நான் வயது கேட்டேன்.

முப்பத்து நாலு.